இஞ்சினின் பங்காளிகள்

அம்பாசமுத்திரத்தில் பயப்படுவதற்கென்றே ஒரு மனிதர் பிறந்திருந்தார் என்றால் அது குற்றாலலிங்கம் பிள்ளைதான். ஆற்றுக்குக் குளிக்கப் போனால் கணுக்கால் நனைகிற இடத்திலேயே உட்கார்ந்து, செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டு வந்துவிடுவார். செருப்பைப் போடுமுன் மூன்று தரம் தட்டுவார். தட்டின கையில் ஏதாவது ஏறியிருக்குமோ என்று கையையும் ஒரு தரம் உதறுவார். மாட்டுவண்டியில் ஏறினால் வண்டிக்காரனிடம் முதலில் விசாரிப்பது அச்சாணியைப் பற்றி. கல்யாணத்தன்று பந்தல்காலை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மணவறையில் உட்கார்ந்தார் என்று அவர் மனைவி வடிவம்மாள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். தாலி கட்டும் நேரத்தில் பெண்ணைப் பார்க்காமல், குத்துவிளக்குக்கும் அவள் முந்தானைக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்த மாப்பிள்ளையை அவள் வேறெங்கும் கண்டதில்லையாம்.

தாத்தா காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் நல்ல வயல்கள் இருந்த குடும்பம். அவர் தலையெடுத்தபோது வயல் போய்விட்டது, சிவபூசை மட்டும் மிஞ்சியது. திருநெல்வேலியில் மூன்றாம் பாரம் வரை படித்தார். சர்க்கார் கச்சேரியில் ஒரு வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. நேரில் போய்ப் பார்த்தார். மாடியில் உட்கார்ந்து எழுத வேண்டும், மாடிப்படி மரத்தால் ஆனது என்று கண்டதும் திரும்பி வந்துவிட்டார்.

ஊரே சிரித்தது. பயந்தவனைப் பார்த்துச் சிரிப்பதில் நமக்கெல்லாம் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது. அவன் எதைப் பார்த்துப் பயந்தான் என்று திரும்பிப் பார்க்க மட்டும் யாருக்கும் பொழுதில்லை.

ஒரே ஒருவருக்கு அந்தப் பயம் தேவைப்பட்டது. அவர் முகம்மது இப்ராஹிம் ராவுத்தர். இருபது வருஷம் ரங்கூனில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே நெல் அரைக்கும் மில்களைப் பார்த்துப் பார்த்து ஆசை முற்றிப்போய், சீமையிலிருந்து ஒரு நீராவி இஞ்சினை வரவழைத்து, ரயில் நிலையத்திலிருந்து பதினெட்டு ஜோடி மாடு கட்டி இழுத்துவந்து, ஊருக்கு மேற்கே மில் வைத்தார். அதுவரை பெண்கள் உலக்கையால் குத்தித்தான் அரிசி. உலக்கை மிஞ்சிப்போனால் கால் பெருவிரலை நசுக்கும். நசுங்கின விரலும் பிடித்த உலக்கையும் ஒருத்தியுடையதாகவே இருப்பதால் யாரைத் திட்டுவது என்ற குழப்பமும் இல்லை. இஞ்சின் வந்த பிறகு அந்த வசதி போய்விட்டது.

இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு சக்கரம். அதிலிருந்து அரவைக் கொட்டகைக்கு ஓடுகிற அகலமான தோல் வார். வாருக்கு அடியில் ஒரு பள்ளம். தவிடும் உமியும் பறந்துவந்து அந்தப் பள்ளத்தில் சேரும். சேர்ந்து மேடானால் வார் வழுக்கும். ஆகையால் தினமும் காலை பத்தரை மணிக்கு ஒரு பெண் குனிந்து உள்ளே போய்ப் பெருக்க வேண்டும். தலைக்கு மேல் வார் ஓடிக்கொண்டேயிருக்கும். கொல்லம் ஆண்டு ஆயிரத்து எண்பத்தேழு ஐப்பசியில், மழைக்காலத்து ஈரத்தில், சந்தனமாரி என்கிறவளின் முந்தானையை வார் பிடித்தது. முந்தானையோடு வலது கையும் முழங்கைக்குக் கீழே போயிற்று.

இரண்டு மாதம் கழித்துச் சர்க்காரிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. மில்களுக்கெல்லாம் புதுச் சட்டம் வந்திருக்கிறது, சக்கரத்துக்கு வேலி போட வேண்டும், ஆபத்தைக் கவனிக்கப் பொறுப்பான ஆள் ஒருவர் வேண்டும், இங்கிலீஷில் ஒரு புத்தகம் எழுதி வைக்க வேண்டும் என்று கண்டிருந்தது. ராவுத்தர் பிள்ளையை வரவழைத்தார்.

“பிள்ளைவாள், இந்த ஊர்ல உம்மளப்போல பயந்த ஆளு வேற உண்டா?”

“இல்லைன்னுதான் எல்லாரும் சொல்லுதாவ, முதலாளி.”

“அப்பம் நீருதான் ஆளு. நாளைக்கே வந்து எனக்காவ பயப்படும். எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல பாத்துக்கிடும்.”

இப்படியாகப் பிறந்து முப்பத்தாறு வருஷம் கழித்து, குற்றாலலிங்கம் பிள்ளைக்கு அவருடைய ஒரே திறமைக்கேற்ற வேலை கிடைத்தது. முதல் நாளே மில்லைச் சுற்றிவந்து, ஆளைக் கொல்லக்கூடிய சங்கதிகள் முப்பத்தெட்டு என்று எழுதினார். வாசலில் நின்ற தென்னை மரமும் அதில் ஒன்று. ராவுத்தர் சிரித்துக்கொண்டே காய்களை இறக்கச் சொன்னார். முதல் சங்கதிக்கு வந்தபோது மட்டும் சிரிப்பு நின்றது.

“பெருக்குத நேரத்துல இஞ்சின நிறுத்தணுமா? என்னவே சொல்லுதீரு?”

இஞ்சின்காரர் தாஜ் முகம்மதும் கூடச் சேர்ந்துகொண்டார். ராவுத்தரோடு ரங்கூனிலிருந்து வந்தவர் அவர். “நின்ன சக்கரத்த மறுபடி சுத்த வைக்க நாலு ஆளு கம்பி போட்டு நெம்பணும், பிள்ளைவாள். அது என்ன தொட்டிலா, கைய வச்சதும் நிக்கதுக்கு?”

“கடுதாசியில வேலிதான் கேட்டிருக்கான். வேலி போடுவோம்” என்று ராவுத்தர் முடித்துவிட்டார். பேச்சும் முடிந்தது.

கை போன சந்தனமாரி இப்போது களத்தில் நெல் காயவைக்கிற இடத்தில் ஒற்றைக் கையால் கோழி விரட்டிக்கொண்டிருந்தாள். பள்ளத்தைப் பெருக்கும் வேலை அவள் தங்கை இசக்கித்தாய்க்கு வந்திருந்தது. பத்தொன்பது வயசு. தினமும் பத்தரை மணிக்கு அவள் குனிந்து உள்ளே போவாள். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பார். அவள் வெளியே வந்ததும் இரண்டு கையையும் எண்ணிப் பார்ப்பார். சில நாளில் முப்பத்தெட்டு பயமும் கரைந்து ஒரே பயமாகிவிட்டது. இந்தப் பெண்ணின் கை. அது போய்விடக்கூடாது. ராத்திரி சோறு இறங்கவில்லை. “சட்டினியில உப்பு இல்லையா?” என்று வடிவம்மாள் கேட்டதற்கு, “ரெண்டும் இருக்கு” என்று பதில் சொன்னார்.

வேலி வந்தது. அதைச் செய்தவர் சப்பரமும் கோயில் கதவும் செய்து பழகிய தச்சர். வேலி என்று சொன்னால் அவருக்கு என்ன தெரியும்? தேக்கு மரத்தில் கடைந்த கால்கள், மேலே தாமரை மொட்டு, முன்னால் இரட்டைக் கதவு, கதவில் வரிசையாகச் சின்னச் சின்னப் பித்தளை மணி. அவ்வளவும் பூட்டி முடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். உள்ளே சக்கரம் புகையும் இருட்டுமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வேலைக்கு வந்த பெண்கள் பார்த்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? பார்த்தவர் யாராக இருந்தாலும் கும்பிட்டிருப்பார்கள்.

ஒரு வாரத்தில் கதவில் செவ்வரளி மாலை ஏறியது. இரண்டாவது வாரம் சக்கரத்துக்கு மாடசாமி என்று பேர் வந்தது. ஆடி மாசம் பொங்கல் வைத்தார்கள். முன்னெல்லாம் ஓடுகிற வாரைக் கண்டு பத்தடி தள்ளி நடந்தவர்கள், இப்போது வேலியைக் கைபிடித்துச் சுற்றி வந்தார்கள். எலுமிச்சம்பழத்தை வாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே கொடுத்து நசுக்கினார்கள். எண்ணெய் விளக்கை ஏற்றக் கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டினார்கள். வேலி போடுவதற்கு முன் அந்தச் சக்கரத்துக்கு ஆறடிக்குள் போனவள் ஒருத்திதான். வேலி போட்ட பிறகு நாற்பது பேர். எல்லாவற்றையும்விடக் கொடுமை இசக்கித்தாய். முன்பு பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து போனவள், இப்போது தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நிமிர்ந்து போனாள்.

“ஏளா, முந்தானையச் சொருகு! தலையக் குனி!” என்று கத்தினார் பிள்ளை.

“என்னத்துக்கு ஐயா பதறுதீய? மாடன் பாத்துக்கிடுவாரு” என்றாள் அவள் உள்ளேயிருந்து.

ராவுத்தர் ஒருநாள் விபூதி வாசனை பிடித்துக்கொண்டு வந்து நின்றார். “பிள்ளைவாள், நான் வேலிதான வே கேட்டேன்?” என்றார் பரிதாபமாக.

அந்தத் தை மாசம் முக்கூடலில் பிள்ளையின் பங்காளி ஒருவர் தவறிப்போனார். பதினாறு நாள் தீட்டு. பழக்கத்தில் கோயில் வாசல்வரை போனவர், நினைவு வந்து திரும்பினார். தீட்டுள்ளவன் சாமியிடம் போகக்கூடாது. திரும்பும்போது பாதி வழியில் அவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. தீட்டு சாமிக்கே வந்துவிட்டால்? யாருமே கிட்டே போக முடியாதல்லவா?

பயந்தவர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்று நினைப்பது தப்பு. பெரிய பயத்துக்கு முன்னால் சின்னப் பயம் ஒதுங்கிக்கொள்ளும். மறுநாள் காலை எல்லாரையும் கூட்டி அறிவித்தார்.

“நம்ம இஞ்சினுக்குப் பங்காளி முறை ஒருத்தர், தூத்துக்குடி மில்லுல இருந்தவரு, நேத்துத் தவறிட்டாரு. கொதிகலன் வெடிச்சுப் போச்சு. இன்னையிலிருந்து தீட்டு. யாரும் மாலை போடக்கூடாது, விளக்கு வைக்கக்கூடாது.”

கூட்டத்தில் எத்தனை நாள் தீட்டு என்பதுதான் முதல் கேள்வி. இஞ்சின் ராவுத்தருடையது, ஆகவே மூன்று நாள்தான் துக்கம் என்றார் தாஜ் முகம்மது. சீமையில் பிறந்தது, அங்கே தீட்டே கிடையாது என்றான் ஒரு மூட்டைக்காரன். உமியைத் தின்று அம்பாசமுத்திரத்துத் தண்ணீரைக் குடிக்கிறவருக்கு இந்த ஊர் முறைதான், பதினாறு நாள் என்று பெண்கள் தீர்ப்புச் சொன்னார்கள். இஞ்சினுக்குப் பங்காளி எப்படி இருக்க முடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. சந்தனமாரி மட்டும் பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள்.

“செத்தவருக்குப் பிள்ளைக உண்டா, ஐயா?” என்றாள்.

“ரெண்டு ஆண்பிள்ளை” என்றார் பிள்ளை.

மாலை காய்ந்தது, விளக்கு அணைந்தது, பெருக்கப் போன இசக்கித்தாயைத் தவிர வேலிப் பக்கம் ஒரு பூனைகூடப் போகவில்லை, அவளும் பழையபடி குனிந்தே போனாள். பிள்ளை இரண்டு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டார். ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து அதை மறந்ததற்கு அவரை மன்னிக்கவே முடியாது. சாவு என்று தெரிந்தால் துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க, போகாமல் இருப்பார்களா? கல்யாணத்துக்குப் போகாவிட்டால் வருத்தம். துட்டிக்குப் போகாவிட்டால் பகை.

மூன்றாம் நாள் பத்தரை மணிக்கு, நெல் அவிக்கிற கொட்டகைப் பெண்கள் பதினான்கு பேர் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மாரில் அடித்தபடி வரிசையாக வந்தார்கள். துட்டி கேட்கிற பெண்கள் இழவு வீட்டுக்காரியைக் கட்டிப்பிடித்து அழுவதுதான் முறை. முன்னால் வந்தவள் வேலிக் கதவைத் திறந்தாள். இரண்டு கையையும் விரித்தாள். சக்கரம் அப்படியே பறந்துகொண்டிருந்தது.

பிறந்தது முதல் எதைக் கண்டாலும் விலகி ஓடிய குற்றாலலிங்கம் பிள்ளை, அன்றைக்கு முதல் தடவையாக ஒன்றை நோக்கி ஓடினார். வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் ஓடினார். “நிறுத்தும்! தாஜு, நிறுத்தும்! துட்டி வீட்டுல வேலை நடக்கலாமாவே?” என்று அவர் போட்ட சத்தத்தில், தாஜ் முகம்மது கை தன்னால் போய் நீராவியை மூடிவிட்டது. சக்கரம் முனகிக்கொண்டே பைய நின்றது. பெண்கள் அதைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பின்னாலேயே மூட்டைக்காரர்கள் வந்தார்கள். ஆண்கள் துட்டி கேட்டால் இரண்டு கையையும் நீட்டுவார்கள். இழவு வீட்டுக்காரர் தன் கை இரண்டையும் அதன் மேல் வைத்து எடுக்க வேண்டும். இஞ்சினுக்குக் கை ஏது? ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு பிள்ளையே வேலிக்கு முன்னால் நின்று, இஞ்சினுக்காகக் கை வைத்தார்.

அந்த அமளியில் இசக்கித்தாய், பத்தரை மணி ஆகிவிட்டதே என்று, நின்ற வாருக்கு அடியில் போய்ப் பெருக்கி முடித்து வெளியே வந்திருந்தாள். பிள்ளை அவள் கைகளை எண்ணினார். கண் நிறைந்துவிட்டது. அவர் ஒரு வருஷம் கெஞ்சியும் நிற்காத இஞ்சின் சாவுக்கு நின்றிருந்தது.

ராவுத்தர் குதித்துக்கொண்டு வந்தார். ஆனால் தலைவிரி கோலமாகப் பெண்கள் எதிரில் வந்து, “முதலாளி, உங்க வீட்டுல இப்பிடி ஆயிட்டுதே” என்று அழுததும் அவர் குதிப்பு அடங்கிவிட்டது. மவுத்து விசாரிக்க வந்தவர்களை விரட்டின குடும்பம் என்ற பேரை எந்த ராவுத்தர் வாங்குவார்? துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவரும் நின்றார். துட்டி கேட்பவர்கள் பதினாறு நாளும் பத்தரை மணிக்கே முறை வைத்து வந்தார்கள், ஒவ்வொரு தரமும் இஞ்சின் நின்றது. ஒரு நாள் களத்துப் பெண்கள், ஒரு நாள் வண்டிக்காரர்கள். வெளியூர்க்காரர்கள் வரும்போது வெறுங்கையோடு வருவானேன் என்று நெல்லையும் வண்டியில் ஏற்றி வந்தார்கள். துக்க வீடு முன்னைவிட நாலு மூட்டை கூடுதலாகவே அரைத்தது. ராவுத்தர் அதற்குப் பிறகு இஞ்சினை நிறுத்துவதைத் தடுக்கவில்லை.

பதினாறாம் நாள் எல்லாம் முடிந்தது. பதினேழாம் நாள் காலை பிள்ளை, கண்ணைத் துடைத்தபடி, இஞ்சினின் பெரியப்பா மான்செஸ்டரில் தவறிவிட்டதாக அறிவித்தார்.

அதன் பிறகு இஞ்சினின் குலத்தில் எமன் குடியேறிவிட்டான். பம்பாயில் தம்பி. கொழும்பில் சித்தப்பா. ரங்கூனில் ஒரே வாரத்தில் அண்ணனும் அவர் மகனும். அத்தை, மாமன் செத்தால் தீட்டு மூன்று நாளுக்கு மேல் ஓடாது என்பதால், பிள்ளை ஆண் வழியிலேயே கொன்றுகொண்டு போனார். அதற்காக ஒரு வம்சாவளி எழுதி மடியில் வைத்திருந்தார். ஒருமுறை கொன்றவரையே மறுமுறையும் கொன்றபோது சந்தனமாரிதான் காப்பாற்றினாள். “அது அவுக அண்ணன்லா, ஐயா. ஒரே பேரு” என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு, கோழி விரட்டப் போய்விட்டாள். அவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

மில் நின்றால் நேரமும் காரணமும் சர்க்கார் புத்தகத்தில் எழுத வேண்டும். ஊரிடம் பொய் சொல்லத் துணிந்த பிள்ளைக்குச் சர்க்காரிடம் மறைக்கப் பயம். ஆகவே நடந்ததை நடந்தபடியே இங்கிலீஷில் எழுதினார். ‘குடும்பத்தில் சாவு. பத்தரைக்கு நின்றது. பத்து ஐம்பதுக்கு ஓடியது.’ ஒவ்வொரு சாவுக்கும் ஒரு எண் போட்டு, நாள்தோறும் அப்படியே எழுதினார்.

ஆயிரத்து எண்பத்தொன்பது மாசி மாசம், மில்களைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் துரை வந்தார். மெலிந்த, கண்ணாடி போட்ட துரை. வேலியைப் பார்த்தார், தாமரை மொட்டைத் தொட்டுப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு புத்தகத்தைத் திறந்தார். பக்கம் புரளப் புரள அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

“இந்த மில்லில் பதின்மூன்று மாதத்தில் இருபத்துநான்கு சாவா?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“ஆமாம், துரை” என்றார் பிள்ளை அதே பாஷையில். “ஆனால் ஒருவர்கூட இங்கே சாகவில்லை. எல்லாரும் வெளியூர்.”

“உடல்களை என்ன செய்தீர்கள்?”

“அவர்கள் இரும்பு, துரை.”

துரை எழுந்து, மில்லில் உள்ள எல்லாரையும் வரிசையாக நிறுத்தச் சொன்னார். புத்தகத்தில் அறுபத்து மூன்று பேர். எண்ணினார். அறுபத்து மூன்று பேரும் உயிரோடு நின்றார்கள். மறுபடி எண்ணினார், அறுபத்து நான்கு வந்தது; நெல் கொண்டுவந்த கிழவர் ஒருவர் என்ன கொடுக்கிறார்களோ என்று வரிசையில் சேர்ந்திருந்தார். இருபத்துநான்கு பேர் செத்தும் ஒரு ஆள் கூடியிருக்கிற மில்லைத் துரை அதுவரை பார்த்ததில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வேறு வழியில்லாமல் பிள்ளை முழு வம்சாவளியையும் சொன்னார். மான்செஸ்டர் பெரியப்பாவிடம் வந்தபோது, துரை யோசிக்காமல், “நான் பிறந்த ஊரே அதுதான்” என்று சொல்லிவிட்டார். அதை வாய்க்குள் போட்டுக்கொள்ள வேண்டிய பிள்ளை, அதுவரை துரை சொன்னதையெல்லாம் மொழிபெயர்த்துவந்த பழக்கத்தில், கூட்டத்துக்கு உரக்கத் தமிழில் சொல்லிவிட்டார்.

பெண்கள் ஒரே குரலில் ஒப்பாரி எடுத்தார்கள். பெரியப்பா செத்து ஒரு வருஷம் கழித்து, அவர் ஊர்க்காரர் கடல் தாண்டி வந்திருக்கிறார், இத்தனை நேரம் ஒரு வார்த்தை கேட்காமல் நின்றோமே! மூட்டைக்காரர்கள் பதினேழு பேர் வரிசையாக வந்து துரைக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டினார்கள். துரைக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்காரர் போலிருக்கிறது, பதினேழு பேருடைய கையையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் குலுக்கினார். என்ன நடந்தது என்று பிள்ளை விளக்கினபோதுதான் கோபம் வந்தது.

சிவப்பு மையால் இருபத்துநான்கு சாவையும் அடித்தார். வேலி இருக்கிறது, சட்டத்துக்கு அது போதும் என்றார். ஓடுகிற சக்கரத்தைத் துடைக்கக்கூடாது என்றுதான் சட்டம், ஆனால் சக்கரத்துக்கு அடியில் இருப்பது தரை. தரையைப் பெருக்க மில்லை நிறுத்த வேண்டியதில்லை என்றார். இனி இந்த மாதிரிக் காரணம் எழுதினால் வழக்கு வரும் என்று சொல்லி எழுந்தார்.

பிள்ளைக்குத் துரை என்றால் பயம். இருந்தும் கேட்டார். “துரை, இந்தப் பதின்மூன்று மாதத்தில் இங்கே யாருக்கும் ஒரு விரல்கூடப் போகவில்லை. அதை எழுத உங்கள் படிவத்தில் இடம் உண்டா?”

துரை படிவத்தை எடுத்து, நியாயமாகவே, மேலிருந்து கீழ்வரை பார்த்தார். செத்தவர்களுக்கு ஒரு கட்டம் இருந்தது. கை கால் போனவர்களுக்கு ஒரு கட்டம் இருந்தது. போகாதவர்களுக்குக் கட்டம் இல்லை. “இல்லை” என்றார். குதிரை வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை ராவுத்தர் தாமே இஞ்சின் பக்கத்தில் வந்து நின்றார். “தாஜு, இன்னைக்கு நிறுத்தக் கூடாது. துரையே சொல்லியாச்சு. பிள்ளைவாள், நீரு ரொம்பப் பேரக் கொன்னுட்டீரு. போதும்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பத்தரை அடித்தது. இசக்கித்தாய் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். வருஷத்துக்கு மேலாக நின்ற வாருக்கு அடியிலேயே போய்வந்தவள், ஓடுகிற வாரை நிமிர்ந்து பார்த்தாள். கால் தயங்கியது. பிள்ளை வேலிக் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மறித்து நின்றார். சொல்வதற்கு ஒரு பெயர்கூட மிச்சமில்லை. வம்சம் முழுவதும் சிவப்பு மையில் கிடந்தது.

“வழிய விடும் வே” என்றார் ராவுத்தர்.

“மாட்டேன், முதலாளி.”

“என்ன காரணம்?”

“பயமா இருக்கு” என்றார் பிள்ளை. வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. அவருக்கே அழுகை வந்துவிட்டது. ராவுத்தர் அவர் தோளைப் பிடித்து விலக்கக் கையை எடுத்தார்.

அப்போது சந்தனமாரி களத்திலிருந்து வந்தாள். முடியை அவிழ்த்து விரித்துப் போட்டிருந்தாள். ஒருவரையும் பார்க்காமல் வேலிக்கு முன்னால் வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு எங்க வீட்டுத் துட்டி, முதலாளி” என்றாள்.

“யாரு தவறிட்டா?” ராவுத்தர் நிஜமாகவே பதறிவிட்டார்.

“என் கை.”

“அது போயி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சே!”

“ஆமா. ஒருத்தராவது வந்து கேட்டீயளா?” அவள் குரலை உயர்த்தவில்லை. “அண்ணன் அத ஒரு ஓலப்பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போனான். என்ன செய்யணும்னு துட்டிக்குச் சடங்கு செய்யுத நாவிதர்ட்ட கேட்டான். ஆளு உசிரோட இருக்கையில கைக்குத் தனியா சடங்கு கிடையாதுன்னுட்டாவ. ஆத்தங்கரையில நாணல் ஓரமா பொதைச்சுட்டு வந்தான். தீட்டு உண்டான்னு கேட்டேன், அதுவும் இல்லைன்னுட்டாவ. காயம் ஆறுனதும் வேலைக்கு வந்துட்டேன். இஞ்சினோட சித்தப்பனுக்கு ஊரே கூடி அழுதீய. நானும்தான் அழுதேன். அது வேற எதுக்குன்னு நினைச்சீய?”

சக்கரம் ஓடிக்கொண்டேயிருந்தது. ராவுத்தர் அவளைப் பார்த்தார். அவள் பக்கத்தில் விளக்குமாறும் கையுமாக நின்ற தங்கையைப் பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். “நிப்பாட்டுலே” என்றார் தாஜ் முகம்மதிடம். ஆனால் தாஜ் முகம்மது அதற்கு முன்பே நீராவியை மூடியிருந்தார்.

சக்கரம் நின்றது. பிள்ளை கதவை விட்டுவிட்டு வந்து, அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். ஆணும் பெண்ணும் கை தொட்டுத் துட்டி கேட்கிற வழக்கம் அந்தச் சீமையில் கிடையாது. பிள்ளைமார் வீட்டு மனிதர் ஒருவர் அவள் கையைத் தொடுகிற வழக்கமும் கிடையாது. நாளைக்கு ஊர் என்ன சொல்லும், வடிவம்மாள் என்ன சொல்வாள் என்கிற பயமெல்லாம் அவருக்கு இருந்தது. எல்லாவற்றோடும்தான் இரண்டு கையையும் நீட்டினார். சந்தனமாரி தன் இடது கையை அவருடைய ஒரு கையில் வைத்தாள். இன்னொன்று நீட்டினபடியே வெறுமையாக இருந்தது. அவர் அதை மடக்கவில்லை.

கூட்டத்தில் இருந்த பெண்கள் அழுதார்கள். இசக்கித்தாயும் நின்ற இடத்திலேயே விம்மிக்கொண்டிருந்தாள்.

சந்தனமாரி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “ஏளா, நீ என்னத்துக்கு நின்னு அழுத? இஞ்சின் நின்னிருக்குல்லா, போய்ப் பெருக்கு. பையப் பெருக்கு.”

இசக்கித்தாய் குனிந்து உள்ளே போனாள். அவள் வெளியே வரும்வரை யாரும் கையை எடுக்கவில்லை. ராவுத்தர் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, அவள் வருகிற வழியையே பார்த்தபடி நின்றிருந்தார்.